மரம் கழிக்கும் தொழில் தொடங்குகிறீர்களா? எதை முதலில் வாங்குவது, எதை நம்புவது

முதலில் கயிறு, அப்புறம்தான் மெஷின். வீட்டு மரங்களைக் கழிப்பது, பட்டுப்போன மரத்தை இறக்குவது, புயலில் சாய்ந்ததை அகற்றுவது என்று மூன்று நான்கு பேராகச் சேர்ந்து சின்னதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கையில் இருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் ஒரு பெரிய செயின் ரம்பத்தில் போட்டுவிட்டு, மரம் ஏறுகிறவருக்குக் கட்டடச் சாமான் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கயிற்றைக் கொடுக்கும் குழுக்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. மெஷின் நின்றால் அன்றைய கூலி போகும். கயிறு விட்டால் ஆளே போய்விடுவார்.

எந்தப் பொருளை வாங்குவதற்கு முன்னாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். இது பாதி வேலையில் கைவிட்டால் என்ன ஆகும்? இதற்கு உதிரிபாகம் நாளைக் காலையில் என் ஊரிலேயே கிடைக்குமா? விலை, பிராண்டு, குதிரைத்திறன் எல்லாம் இதற்குப் பிறகு பேச வேண்டியவை.

எந்த மரம் உங்கள் மரம்?

முதல் வருடம் எந்த வேலையை ஏற்பது, எதை மறுப்பது என்று உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். கருவிப் பட்டியல் அதிலிருந்துதான் வரும். வீட்டு வளாகத்து மா, வேம்பு, புங்கை, கொய்யா, நெட்டிலிங்கம், தென்னை இவைதான் புதுக் குழுவுக்குச் சரியான வேலை. அடிமரம் ஒன்றரை அடி விட்டத்துக்குள் இருக்கும். சாலையோரத்துத் தூங்குமூஞ்சி, மின்கம்பிக்குள் புகுந்து வளர்ந்த மயிற்கொன்றை (குல்மோகர்), கோயில் மதிலை ஒட்டிய அரசமரம் இவற்றையெல்லாம் அனுபவமுள்ளவர்களுக்கு விட்டுவிடுங்கள். அரசு நிலத்தில் நிற்கும் மரமாக இருந்தால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதியில்லாமல் வெட்டவே கூடாது. வீட்டுக்காரர் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்வது அனுமதி ஆகாது.

மின்கம்பி இருக்கும் இடத்தில் எந்தக் கருவியையும் நம்பாதீர்கள். மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தி, அவர்களுடைய ஆள் வந்து உறுதி செய்த பிறகுதான் மரத்தில் கை வைக்க வேண்டும். அலுமினிய ஏணியும் அலுமினியக் கழியில் பொருத்திய துரட்டியும் இந்தத் தொழிலில் ஆளைக் கொல்லும் பொருள்கள். ஏணி வாங்குவதானால் ஃபைபர் ஏணியாக வாங்குங்கள். அதுவும் நனைந்தாலோ அழுக்கேறினாலோ மின்சாரத்தைக் கடத்தும், கவனம்.

கயிறும் இடுப்பு வாரும்

ஏறும் கயிறு என்று தனியாக விற்பதைத்தான் வாங்க வேண்டும். உள்ளே ஒரு கருவும் வெளியே பின்னிய உறையுமாக இருக்கும். 11 முதல் 13 மில்லிமீட்டர் தடிமன் கைக்குப் பிடிப்பாக இருக்கும். கயிற்றின் முனையில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஈஎன் (ஐரோப்பியத் தர எண்) 1891, டைப் ஏ என்று இருக்கிறதா பாருங்கள். குறைந்தது 22 கிலோநியூட்டன், அதாவது சுமார் 2,200 கிலோ இழுவையைத் தாங்கும் என்று அதற்குப் பொருள். 45 மீட்டர் நீளம் போதும். கிளையில் இரட்டையாகப் போட்டு ஏறும்போது 20 மீட்டர் உயரம் வரை வரும்.

கடையில் நீலத்திலும் மஞ்சளிலும் கிடைக்கும் பாலிப்ரொப்பிலீன் கயிறு லாரியில் சுமை கட்டத்தான் லாயக்கு. வெயிலில் கிடந்தால் வெளிப்புறம் பொடிப்பொடியாக உதிரும். உராய்வுச் சூட்டில் மற்றக் கயிறுகளைவிடச் சீக்கிரம் உருகும். தேங்காய் நார்க்கயிறும் மணிலாக் கயிறும் உள்ளுக்குள் மக்கிப்போனால் வெளியே தெரியாது. தலைமுறை தலைமுறையாக அதில்தான் ஏறினார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் கையில் அப்போது அரிவாள் இருந்தது, நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும் செயின் இருக்கவில்லை.

இடுப்பு வாரில்தான் புதியவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். கட்டட வேலைக்கு விற்கும் முழு உடல் வார், நம் நாட்டில் ஐஎஸ் 3521 முத்திரையோடு வருவது, விழுகிறவரைப் பிடித்து நிறுத்துவதற்காகச் செய்தது. அதன் கொக்கி முதுகுப் பக்கம் இருக்கும். அதில் தொங்கிக்கொண்டே வேலை செய்ய முடியாது. அசைவில்லாமல் தொங்கினால் தொடை வார்கள் இரத்த ஓட்டத்தை அழுத்தி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். மரம் ஏறுவதற்கான வாரில் தொடைப்பட்டை அகலமாக இருக்கும், இடுப்பின் இரண்டு பக்கமும் வளையம் இருக்கும், முன்பக்கம் கயிறு கோக்க இடம் இருக்கும். அதன் சீட்டில் ஈஎன் 358, ஈஎன் 813 என்ற இரண்டு எண்ணும் இருக்க வேண்டும். மலையேற்றக் கடையில் கிடைக்கும் இலேசான வாரில் பக்க வளையம் இல்லை, அதனால் அது உதவாது. வாங்குவதற்கு முன்னால் கடையிலேயே அணிந்து, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கால் மணி நேரம் தொங்கிப் பாருங்கள். கடைக்காரர் சம்மதிக்காவிட்டால் வேறு கடை.

அடுத்து, இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றிப் போடும் குட்டைக் கயிறு. மேலே செயின் ரம்பத்தை இயக்கும்போது ஏறும் கயிறு ஒன்று, இந்தக் குட்டைக் கயிறு ஒன்று என்று இரண்டு பிடி எப்போதும் இருந்தாக வேண்டும். ரம்பம் தவறி ஒன்றைத் தொட்டாலும் மற்றது தாங்கும். உள்ளே எஃகுக் கம்பி வைத்த குட்டைக் கயிறும் விற்கிறார்கள். ரம்பத்துக்குச் சற்றுத் தாக்குப்பிடிக்கும், ஆனால் மின்சாரத்தைக் கடத்தும். கொக்கிகளை மூன்று அசைவில் திறந்து தானே பூட்டிக்கொள்ளும் வகையாக வாங்குங்கள். திருகிப் பூட்டுகிறவை கிளையில் உரசி உரசித் திறந்துகொள்ளும்.

காலில் கட்டும் இரும்பு முள் வேண்டுமா என்று கேட்பார்கள். முழுக்க வெட்டி இறக்கப்போகும் மரத்துக்கு மட்டும் வேண்டும். கிளை கழித்துவிட்டு வாழவிடப்போகிற மரத்தில் முள்ளோடு ஏறினால் ஒவ்வோர் அடியும் பட்டையைத் துளைக்கும், அந்த ஓட்டை வழியாக அழுகல் நுழையும். மரத்தைக் காப்பாற்றக் கூப்பிட்டவரின் மரத்தை நாமே நோயாளி ஆக்கக் கூடாது.

செயின் ரம்பம்

இப்போது மெஷினுக்கு வருவோம். ஆன்லைனிலும் பஜாரிலும் '58 சிசி, 22 அங்குலம்' என்று மலிவாக விற்கும் ரம்பங்கள் புதியவர்களை இழுக்கும். பேர் போடாத அந்த மெஷின்களில் பெரும்பாலும் என்ஜினின் பலத்துக்கு மீறிய நீளத்தில் பார், அதாவது செயின் சுற்றி ஓடும் தகடு, பொருத்தியிருப்பார்கள். கட்டை மரத்தில் முழுப் பாரையும் இறக்கினால் செயின் திணறும், கிளட்ச் எரியும். அதைவிட முக்கியம், செயின் பிரேக்கை நம்ப முடியாது. ஒரே மாதிரி தெரியும் இரண்டு மெஷினின் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமலும் போகும்.

முதல் மெஷினாக 45 முதல் 50 சிசி வரை, 16 அல்லது 18 அங்குலப் பாரோடு ஒன்று எடுங்கள். வீட்டு மரங்களில் பெரும்பாலானவற்றைத் தரையில் அறுக்க அது போதும். இரண்டு பக்கமிருந்தும் அறுத்தால் பாரைவிடப் பருமனான அடிமரத்தையும் முடித்துவிடலாம். ஸ்டீல் (Stihl), ஹஸ்க்வர்னா என்ற இரண்டு பிராண்டுக்கும் தமிழ்நாட்டின் பெரிய ஊர்களில் டீலர்கள் இருக்கிறார்கள். இரண்டில் எது மேல் என்ற விவாதத்தில் நேரத்தைச் செலவிடாதீர்கள். உங்கள் ஊரில் எந்த டீலரிடம் மெக்கானிக் உட்கார்ந்திருக்கிறாரோ அந்தப் பிராண்டுதான் உங்களுக்கு நல்லது. கடைக்குப் போய் கார்புரேட்டர் டயாஃப்ரம், கிளட்ச் ஸ்ப்ராக்கெட், ஸ்டார்ட்டர் கயிறு, ஏர் ஃபில்டர் நான்கும் இப்போதே கையிருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். 'ஆர்டர் போட்டால் வந்துவிடும்' என்பது பதில் ஆகாது.

வாங்கும்போது மெஷினை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வேகமாக ஓடும்போது முன்கைக் காப்பை முன்னால் தள்ளினால் செயின் அந்தக் கணமே நிற்க வேண்டும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகு என்ஜின் ஓடினாலும் செயின் நகரக் கூடாது. பார் முனையை ஓர் அட்டைக்கு மேலே பிடித்து முடுக்கினால் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். கடைசியாக, சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பக் கிளப்பிப் பாருங்கள். குளிர்ந்த மெஷின் எல்லாமே கிளம்பும். சூட்டில் அடம்பிடிக்கிற மெஷின்தான் பங்குனி வெயிலில் உங்களைக் கழுத்தறுக்கும்.

மரத்தின் மேலே பயன்படுத்த 30 சிசி அளவில் 12 அல்லது 14 அங்குலப் பார் உள்ள இலேசான ரம்பம் வேண்டும். மேல்கைப்பிடி உள்ள வகை இதற்கென்றே செய்தது, ஆனால் ஒற்றைக் கையால் அறுக்க ஆசை காட்டும். ஆசைப்படாதீர்கள். பார் முனையின் மேல்பகுதி மரத்தைத் தொட்டால் ரம்பம் முகத்தை நோக்கி எகிறும், ஒற்றைக் கையால் அதை நிறுத்த முடியாது. தரையில் நிற்கிறவர் கையில் இந்த வகையைக் கொடுக்கவே வேண்டாம். பேட்டரி ரம்பமும் மேலே நன்றாக ஒத்துவரும். தொங்கிக்கொண்டு ஸ்டார்ட்டர் கயிறு இழுக்க வேண்டியதில்லை, கீழே இருப்பவர் சொல்வது காதில் விழும், அடுக்ககங்களில் சத்தப் புகாரும் வராது.

ஆனால் ரம்பங்களில் நான் முதலில் வாங்கச் சொல்வது ஒரு நல்ல கைரம்பம். இழுக்கும்போது அறுக்கும் வளைந்த ஜப்பானிய வகை, உறையோடு தொடையில் கட்டிக்கொள்வது. சில்க்கி என்ற பெயரில் வருவது எல்லாருக்கும் தெரியும். மணிக்கட்டுப் பருமனுள்ள கிளைகளை அது வேகமாக அறுக்கும், வெட்டு வாயும் சுத்தமாக இருக்கும், மரம் சீக்கிரம் ஆறும். வீட்டு மரம் கழிக்கும் வேலையில் பெரும்பகுதி இதிலேயே முடிந்துவிடும்.

மெஷின் நம்பிக்கையாக ஓட

ரம்பம் பழுதாவதற்கு முதல் காரணம் பெட்ரோல். டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் கலக்கும் கணக்கு மெஷின் கையேட்டில் இருக்கும். 50-க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி. கண்ணளவில் ஊற்றக் கூடாது; எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் சுரண்டும், அதோடு என்ஜின் முடிந்தது. இப்போது பங்க்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோல் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டரின் ரப்பர் பாகங்களையும் பதம் பார்க்கும். மெஷின் எவ்வளவு எத்தனாலைத் தாங்கும் என்று கையேட்டில் பாருங்கள். அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். சில வாரம் வேலையில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, மெஷின் தானாக நிற்கும்வரை ஓட்டிவிட்டு மூடுங்கள்.

பார் எண்ணெய்க்குப் பதிலாகப் பழைய என்ஜின் ஆயிலை ஊற்றும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. அதில் இரும்புத் துகள் இருக்கும், பம்பையும் பாரையும் அரிக்கும். கையில், முகத்தில், வீட்டுக்காரரின் செடியில் எல்லாம் தெறிக்கும். மிச்சமாகும் காசு ஒரு பார் விலைக்குக் காணாது.

செயின் தீட்டக் கற்றுக்கொள்ளாமல் இந்தத் தொழிலில் ஒரு மாதம்கூட ஓட்ட முடியாது. கூரான செயின் சீவல் சீவலாகத் தள்ளும். மழுங்கினால் மாவு மாதிரித் தூள் வரும், நீங்கள் அழுத்த ஆரம்பிப்பீர்கள், வெட்டு ஒரு பக்கம் கோணும். வட்ட அரத்தின் அளவு செயினைப் பொறுத்தது. சின்ன ரம்பங்களின் குறைந்த உயரச் செயினுக்கு 4 மில்லிமீட்டர், கண்ணி அளவு (பிட்ச்) 0.325 அங்குலமான செயினுக்கு 4.8 மில்லிமீட்டர். பெரும்பாலான செயினுக்கு 30 டிகிரிக் கோணம். டேங்க் நிரப்பும்போதெல்லாம் ஒரு பல்லுக்கு இரண்டு மூன்று இழுப்பு கொடுத்தாலே போதும். பல்லுக்கு முன்னால் இருக்கும் மேட்டையும் அவ்வப்போது தட்டை அரத்தால் இறக்க வேண்டும். வழக்கமாகப் பல்லுக்கும் அதற்கும் 0.65 மில்லிமீட்டர் வித்தியாசம். அதற்கு மேல் இறக்கினால் ரம்பம் மரத்தைக் கடித்து உதறும். செயின் மாற்றும்போது பாரையும் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள், தேய்மானம் இரண்டு பக்கமும் சமமாகும்.

மெஷினுக்கு மூன்று செயின் வைத்திருங்கள், அதில் ஒன்று பழையதாக இருக்கட்டும். நம் ஊரில் சாலை பார்த்து நிற்கிற எந்த மரத்திலும் விளம்பரப் பலகை ஆணி உள்ளே புதைந்திருக்கும். சீரியல் பல்பு கட்டிய கம்பியைப் பட்டை விழுங்கியிருக்கும். ஆளுயரம் வரை சந்தேகமிருந்தால் பழைய செயினைப் போட்டு அறுங்கள். தென்னையும் பனையும் வேறு வகைத் தொல்லை. வெளிவட்டக் கட்டை இறுகியது, செயின் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மழுங்கும். கூலி பேசும்போதே அதைச் சேர்த்துப் பேச வேண்டும்.

இரண்டாவது மெஷின் வாங்கப் பணம் சேர்ந்ததும் பலர் பெரியதாக ஒன்று வாங்குவார்கள். அதே மாடலை இன்னொன்று வாங்குங்கள் என்பேன். ஒரே செயின், ஒரே அரம், ஒரே ஃபில்டர், ஒரே ஸ்பார்க் பிளக். ஒன்று படுத்தால் மற்றது அன்றைய வேலையை முடிக்கும்; அவசரத்தில் ஒன்றின் பாகத்தை மற்றதில் மாட்டலாம். இரண்டு அடி விட்டத் தூங்குமூஞ்சி எப்போதாவது வந்தால் 70 சிசி ரம்பத்தை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இறக்கும் கயிறு

கிளையைக் கட்டி இறக்கும் கயிறு தனி. ஏறும் கயிற்றை ஒரு முறை இதற்குப் பயன்படுத்திவிட்டால் அதை மறுபடி ஏறுவதற்கு எடுக்கவே கூடாது. நிறத்திலேயே வேறுபடுத்தி வாங்கிவிடுங்கள்.

பச்சை மரத்தின் எடையைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஓரடி விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள துண்டு சுமார் 70 கிலோ வரும். விட்டம் ஒன்றரை அடியானால் 150 கிலோவைத் தாண்டும். அந்தத் துண்டு ஒரு மீட்டர் விழுந்து கயிற்றில் திடீரென நின்றால், விசை எடையைப் போலப் பல மடங்கு. அதனால்தான் கயிறு அறும் அளவில் பத்தில் ஒரு பங்கு எடைக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது தொழில் வழக்கு. கீழே பிடிக்கிறவர் வெறுங்கையால் பிடிக்காமல், கயிற்றை அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிப் பிடித்தால் உராய்வே சுமையைத் தாங்கும். வேலை நிலையாக வர ஆரம்பித்ததும் கயிற்றைச் சுற்றுவதற்கென்றே அடிமரத்தில் கட்டும் இரும்பு உருளையை வாங்குங்கள், மரத்தின் பட்டையும் தப்பும். மேலே கயிறு போடும் கிளையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முருங்கை முறியும் என்று எல்லாருக்கும் தெரியும். இலவமரமும் மயிற்கொன்றையும் ஏமாற்றும்.

உடம்புக்கு

தலைக்கவசம் தாடைப்பட்டையோடு இருக்க வேண்டும். கட்டட வேலை மஞ்சள் கவசம் குனிந்தாலே விழும். கம்பிவலை முகமறைப்பும் காதடைப்பானும் சேர்ந்து வருவதாக வாங்கினால் மாட்டிக்கொள்ளச் சோம்பல் வராது.

செயின் ரம்பக் காற்சட்டையை இங்கே யாரும் அணிவதில்லை. லுங்கியும் ரப்பர் செருப்புமாக நிற்பதுதான் வழக்கம். அந்தக் காற்சட்டையின் உள்ளே நீண்ட இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். செயின் பட்டதும் அவை வெளியே வந்து ஸ்ப்ராக்கெட்டில் சுற்றி மெஷினை நிறுத்திவிடும். சீட்டில் ஈஎன் ஐஎஸ்ஓ 11393 என்றும் வகுப்பு எண்ணும் இருக்கும். முதல் வகுப்பு நொடிக்கு 20 மீட்டர் செயின் வேகத்துக்குச் சோதித்தது. நம் வெயிலில் புழுங்கும், உண்மைதான். தரையில் அறுக்கிறவருக்கு அதே இழைகள் வைத்த, காலின் முன்பக்கம் மட்டும் மறைக்கும் கட்டுத்துணி போதும். கோடையில் காலை 6 மணிக்குத் தொடங்கி 11 மணிக்கு ரம்ப வேலையை முடித்துவிட்டு, மிச்ச நேரம் கழிவை ஏற்றுங்கள்.

முதலுதவிப் பெட்டியில் பிளாஸ்திரியும் டெட்டாலும் போதாது. பெருங்காயத்தை அழுத்திக் கட்டும் பெரிய பேண்டேஜும், கைகால் இரத்தத்தை நிறுத்தும் இறுக்குப்பட்டையும் இருக்க வேண்டும். 108 வருவதற்குள் வேண்டியது அதுதான். மேலே இருப்பவருக்கு அடிபட்டால் யார் ஏறி இறக்குவது? இரண்டாவது ஏறும் கயிறும் வாரும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த இன்னொருவரும் கீழே இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது. இந்த இரண்டாவது செட் ஆடம்பரம் என்று நினைக்கிறவரோடு கூட்டுச் சேராதீர்கள்.

வாங்க வேண்டாதவை

குட்டி யானை, டிராக்டர், கிளையைத் தூளாக்கும் மெஷின், ஹைட்ரா கிரேன், பூம் லிஃப்ட் இவற்றை எல்லாம் வாடகைக்கே எடுங்கள். மாதத்தில் பாதி நாள் எது தேவைப்படுகிறதோ அதை வாங்குவது பற்றி அப்போது யோசிக்கலாம். ஆளைத் தூக்க ஹைட்ராவின் கொக்கியையோ ஜேசிபி வாளியையோ பயன்படுத்துவது ஊரெங்கும் நடக்கிறது. இரண்டும் ஆளைத் தூக்கச் செய்தவை அல்ல. வாளி சற்றுக் குலுங்கினாலும் பிடிக்க ஒன்றும் இருக்காது.

பார்த்துக்கொள்வது

பிரிட்டனில் ஆளைத் தாங்கும் கயிறு, வார், கொக்கிகளை 6 மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ள ஒருவர் சோதித்து எழுதிவைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நாமும் அதைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம். ஒரு நோட்டில் ஒவ்வொரு பொருளின் எண், வாங்கிய தேதி, சோதித்த தேதி. தினமும் காலையில் கயிற்றை முழு நீளமும் கைவிரலால் உருவிப் பாருங்கள். தட்டையான இடம், இறுகிப்போன இடம், உறை கிழிந்த இடம் தென்பட்டால் அன்றே வெட்டிப்போடுங்கள். முழுக் கயிறாக விட்டுவைத்தால் யாராவது எடுத்து ஏறிவிடுவார். பெட்ரோல் கேனும் கயிறும் ஒரே பையில் போகக் கூடாது. அழுக்கானால் இலேசான சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். பழைய கயிறு, பழைய வார் எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள். அதற்கு முன்னால் என்ன பட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மழைக்காலத்துக்குத் தயாராவதைப் புரட்டாசியிலேயே முடித்துவிடுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோதும், 2018 நவம்பர் 16 அன்று கஜா வேதாரண்யம் அருகே கரையேறிய பிறகும், மரம் அறுக்க ஆள் தேடாத தெரு இல்லை. டெல்டாவில் பல நாள் மின்சாரம் இல்லை; பேட்டரி ரம்பத்துக்கு அப்போது வேலையே இல்லை. ஆகவே செயின், அரம், ஸ்பார்க் பிளக், ஸ்டார்ட்டர் கயிறு, டூ-ஸ்ட்ரோக் எண்ணெய், பார் எண்ணெய் எல்லாம் ஐப்பசிக்கு முன்னால் வாங்கி வைத்திருக்க வேண்டும். சாய்ந்த மரம் முறுக்கிய நிலையில் கிடக்கும், எந்தப் பக்கம் தெறிக்கும் என்று கணிக்க அனுபவம் வேண்டும். முதல் புயல் பருவத்தில் தெருவில் முறிந்து விழுந்த கிளைகளை மட்டும் எடுங்கள், வேரோடு சாய்ந்த மரத்தை விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு வேலையின் கூலியிலும் ஒரு பகுதியைக் கருவிக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். ஏறும் கயிறு எத்தனை மாதம் வரும், செயின் எத்தனை மரம் வரும் என்று உங்கள் நோட்டே ஒரு வருடத்தில் சொல்லிவிடும். அதை வைத்து அடுத்த வருடக் கூலியைப் பேசுங்கள்.